வந்துகொண்டிருக்கிறன்

கோவிக்காதேங்கோ தம்பி. ஒட்டுக்கேட்டனான் எண்டு நினைக்கக்கூடாது. பஸ்ஸில முன் சீற்றில இருந்து தமிழ்ச் சத்தம் கேட்டா காது தன்ரபாட்டில அங்க போகுது, நான் என்ன செய்ய? அம்மாவோடதானே கதைச்சனீங்கள்? 'அடுத்த மாசம் வந்துடுவேன்மா, டிக்கெட் போட்டுட்டேன்' எண்டியள். எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டியள். சந்திக் கடையில பாண் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு சொல்லுற மாதிரி.

இல்லை, இல்லை, பிழை எண்டு சொல்லேல்லை. போங்கோ. போகக்கூடிய ஆக்கள் போகத்தான் வேணும். எந்த ஊர், திருநெல்வேலியோ? நல்லது. பக்கத்தில இருக்கட்டோ? இந்தப் பையை மட்டும் காலடியில வைக்கிறன். பாரமில்லை. எள்ளு, தர்ப்பை, கொஞ்சம் அரிசி, ஒரு சீப்பு வாழைப்பழம். இண்டைக்கு எங்கட அம்மான்ர அந்தியேட்டி. செத்து முப்பத்தோராம் நாள் செய்யிற கிரியை. உங்கட பக்கம் என்ன சொல்லுறவையோ தெரியாது. எங்கட ஆக்கள் கீரிமலையில போய்க் கடலுக்குப் பக்கத்தில செய்யிறவை. நான் மெல்பேண் கடற்கரையில செய்யப்போறன். ஐயர் இல்லை. நானும் கடலும்தான். அதுதான் தலையும் மொட்டை. நீங்கள் ஏறினதில இருந்து பாத்துக்கொண்டு வாறியள், கண்டனான்.

அடிக்கட்டும், அடிக்கட்டும் விடுங்கோ. போனை வெட்டினா திரும்ப அடிப்பாள், தானா ஓயட்டும். மகள். அவளோட நான் கதைக்கிறேல்லை. செத்தவீடு முடிஞ்ச நாளில இருந்து கதைக்கேல்லை. ஏனெண்டு சொல்லுறன், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச பிள்ளை, எங்கட ஊரும் இல்லை, ஒருத்தரின்ர பக்கமும் நிக்கமாட்டியள்.

முதல்ல என்ர விசா என்னெண்டு சொன்னாத்தான் மிச்சம் உங்களுக்கு விளங்கும். நீங்கள் பிளேனில வந்தனீங்கள். நான் படகில வந்தனான். எங்கட அண்ணையை விசாரிக்க எண்டு கூட்டிக்கொண்டு போனவை, அவர் திரும்பி வரேல்லை. பேந்து என்னைத் தேடி வந்தினம். ஒருக்கா இல்லை, கன தரம். அதால வெளிக்கிட்டனான். இஞ்ச வந்து முகாமில கிடந்து, விசாரணை விசாரணையாக் குடுத்து, கடைசியில சொல்லிச்சினம், 'ஓம், உனக்கு உன்ர நாட்டில ஆபத்துத்தான், நாங்கள் நம்புறம்' எண்டு. நான் அழுதிட்டன் தம்பி. கும்பிட்டன். அதுக்குப் பிறகுதான் சொல்லிச்சினம், மூண்டு வருசத்துக்கு எண்டு.

தற்காலிகப் பாதுகாப்பு. வேலை செய்யலாம். வரி கட்டலாம். மனிசி பிள்ளையைக் கூப்பிட ஏலாது. ஊருக்குப் போக ஏலாது. போனியளோ, 'ஓகோ, அப்ப உனக்கு அங்க பயமில்லை' எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போடுவினம். மூண்டு வருசம் முடிய திரும்பப் போய், எனக்கு இன்னும் ஆபத்து இருக்கு எண்டு காட்டவேணும். காட்டினா இன்னொரு மூண்டு. இதில பகிடி என்னெண்டா, ஒவ்வொருமுறையும் நான் ஊர் கெட்டுப்போய்க் கிடக்கவேணும் எண்டு நேந்துகொண்டெல்லே போறன். நாடு கொஞ்சம் திருந்தினா என்ர விசா போச்சு. சொந்த ஊர் நல்லா இருக்கக்கூடாது எண்டு கும்பிடுற ஒருத்தனை நீங்கள் முந்திக் கண்டிருக்கிறியளோ? இப்ப பாத்துக்கொள்ளுங்கோ.

நான் வெளிக்கிடேக்க மகளுக்கு எட்டு வயசு. ஆரணி எண்டு பேர். விடியக் கருக்கலில வெளிக்கிட்டது, அவள் நித்திரை. எழுப்பேல்லை. எழுப்பினா அழுவாள், சத்தம் கேக்கும். கொழும்புக்குப் போட்டார், வந்திடுவார் எண்டு தாய் சொல்லி வைச்சவ. பேந்து போன் எடுக்கிற நேரமெல்லாம் அவள் கேக்கிறது ஒரு கேள்விதான். 'அப்பா, எங்க நிக்கிறீங்கள்?' நானும் சொல்லுறது, 'வந்துகொண்டிருக்கிறன் பிள்ளை.' முகாமில இருக்கேக்கையும் அதுதான். வெளிய விட்டாப் பிறகும் அதுதான். சின்னப் பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது? விசாச் சட்டத்தையோ விளங்கப்படுத்துறது? வளர வளரத் தானே கேக்கிறதை விட்டிட்டாள். எனக்கு அது ஒரு நிம்மதி எண்டு வையுங்கோ.

வேலை எனக்குக் காளான் பண்ணையில. நீங்கள் ஏறின ஊருக்கு அங்கால. வெளிச்சம் படக்கூடாது காளானுக்கு. நீட்டுக் கொட்டில், உள்ள தட்டுத் தட்டாப் படுக்கை, தலையில ஒரு லைற்றைக் கட்டிக்கொண்டு ஒவ்வொண்டாத் திருகி எடுக்கவேணும். வெளிய வெயிலோ மழையோ தெரியாது. நல்ல வேலை. ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை.

என்னோட அறையில இருக்கிறவன் வசந்தன். அவன் படிக்க வந்து, வேலை எடுத்து, முறையா எல்லாம் செய்து போன வருசம் சிட்டிசன் எடுத்தவன். அந்த வைபவத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நகரசபை மண்டபம். சத்தியம் எடுத்த ஆக்களுக்கு ஒரு சின்னக் கொடியும், சட்டியில ஒரு பூக்கண்டும் குடுக்கிறவை. இவன் மற்றவையோட கைகுடுக்கிற அந்தரத்தில, 'அண்ணை, இதைப் பிடியுங்கோ' எண்டு ரெண்டையும் என்ர கையில தந்திட்டான். அந்த நேரம் பாத்து ஆரோ ஒரு பொடியன் என்னைப் படம் எடுத்தான். கோட்டுப் போட்டிருந்தனான், வசந்தன்ர பழைய கோட்டு. படம் வடிவா வந்திட்டுது. நான் வீட்டுக்கு அனுப்பினன். அவ்வளவுதான். படத்தை அனுப்பினன். வேற ஒரு சொல்லும் எழுதேல்லை.

எங்கட அத்தான் இருக்கிறாரே, அக்காவின்ர மனிசன், அவர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். படத்தைப் பாத்த உடன, 'மச்சானுக்கு சிட்டிசன் கிடைச்சிட்டுது' எண்டு ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. கோயிலில பொங்கல் பொங்கியாச்சு. நான் சொன்னனானோ? சொல்லேல்லை. எனக்கு வாழ்த்துச் சொல்லி எடுத்தவைக்கு நான் நன்றி எண்டு சொன்னன். வாழ்த்துச் சொன்னா நன்றி சொல்லுறதுதானே பண்பு? மனிசி மட்டும் தனிய எடுத்துக் கேட்டா, 'உண்மையே?' எண்டு. கிட்டத்தட்ட எண்டன். அவ பேந்து கேக்கேல்லை. சுகிர்தா அப்பிடித்தான், ஒண்டை ரெண்டு தரம் கேக்கமாட்டா.

அம்மா அந்தப் படத்தைப் பிரேம் போட்டுச் சாமி அறையில வைச்சிட்டா. கொடியும் சட்டியும் கோட்டுமா நான் முருகனுக்குப் பக்கத்தில.

அந்தப் படத்தாலதான் சம்பந்தமும் வந்தது. மாப்பிளை நிரோஜன், நல்ல பொடியன், வங்கியில வேலை. தகப்பன் ஓய்வுபெற்ற அதிபர், மாஸ்டர் எண்டா ஊரே எழும்பி நிக்கும். அவை வாய்விட்டுக் கேக்கேல்லை. ஆனா தெரியும்தானே, தகப்பன் அவுஸ்திரேலியாவில சிட்டிசன் எண்டா, நாளைக்குப் பிள்ளையும் மருமகனும் அங்கதான் எண்டு ஒரு நினைப்பு. நான் மறுக்கவும் இல்லை, ஓம் எண்டவும் இல்லை. கலியாணம் முடிஞ்சாப் பிறகு விசா ஏதோ சிக்கல் எண்டு சொல்லியிருக்கலாம். ஆருக்குத்தான் விசாச் சிக்கல் இல்லை? ஆரணி படிக்கவேணும் எண்டு ஏதோ புறுபுறுத்தவள்தான். நான் காதில போடேல்லை. தகப்பன் இல்லாத வீட்டில வளந்த பிள்ளைக்கு நல்ல இடத்தில ஒரு மாப்பிளை. அதைவிட நான் இஞ்ச இருந்து என்னத்தைச் செய்து குடுக்க ஏலும்?

அப்பிடி எல்லாம் நேராப் போய்க்கொண்டிருக்கேக்க அம்மா செத்துப்போனா.

வயசுதான். நித்திரையில போட்டா. அக்கா எடுத்துக் குழறினா. குழறி முடிய முதல் கேள்வி, 'எப்ப வாறாய்?'

உங்கட பக்கமும் உதுதானே முறை? தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி. நான்தான் கடைசி. அண்ணையும் இல்லாதபடியா இருக்கிற ஒரே மகனும் நான்தான். அம்மா அக்காவிட்டச் சொல்லி வைச்சவவாம், 'அவனுக்கு இப்ப வரலாம்தானே, அவன் வந்தாப் பிறகு என்னை எடுங்கோ' எண்டு. 'இப்ப வரலாம்தானே' எண்ட அந்தச் சொல்லைக் கேட்டியளோ? அந்தப் பிரேம் போட்ட படம் சொன்ன சொல்லு அது.

நான் என்ன சொல்லுறது? அந்தரத்தில, 'வாறன்' எண்டிட்டன்.

இப்ப ஊரில ஒரு பழக்கம் வந்திருக்கு தம்பி. வெளிநாட்டில பிள்ளையள் இருக்கிற வீடுகளில பிரேதத்துக்கு ஊசி போட்டு, மருந்தடிச்சு, நடு விறாந்தையில வைச்சிட்டுக் காத்துக்கொண்டு இருக்கிறது. லண்டனில இருந்து ஒண்டு வரும், கனடாவில இருந்து ஒண்டு வரும். வந்து சேந்தாப் பிறகுதான் மேளம். அம்மாவையும் அப்பிடித்தான் வைச்சினம். பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, என்னைப் பாத்துக்கொண்டு இருந்தினம்.

நான் வக்கீலிட்டப் போனன். போகாமல் இல்லை. கேட்டன். வக்கீல் நல்ல மனிசி, வெள்ளைக்காரி. 'நீங்கள் போகலாம், ஒருத்தரும் மறிக்கமாட்டினம்' எண்டு சொன்னா. எனக்குச் சந்தோசம். 'திரும்பி வரத்தான் ஏலாமல் போகலாம்' எண்டா. வேற நாட்டுக்கு எண்டாலும் முன்கூட்டி அனுமதி கேக்கவேணுமாம், சொந்த நாட்டுக்கு எண்டா அந்தக் கதையே இல்லையாம். கதவு திறந்துதான் கிடக்கு, ஒரு பக்கத்துக்கு மட்டும் திறக்கிற கதவு. போனா அண்ணையைக் கூட்டிக்கொண்டு போன ஆக்கள் இருக்கிற ஊர். போகாட்டி அம்மா நடு விறாந்தையில. கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை எண்டு சொல்லுறதை அண்டைக்குத்தான் அனுபவிச்சன்.

நம்ப மாட்டியள், நான் எயார்போட்டுக்குப் போனனான். இதே பஸ்ஸில. பையும் கொண்டு போனனான், உடுப்பு அடுக்கி. ஏறிப்போடுவம், நடக்கிறது நடக்கட்டும் எண்டுதான் போனன். போய் நிண்டு, சனம் வரிசையில நிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டன். அந்த நேரம் அக்கா வீடியோவில எடுத்தா. பின்னால போற பெட்டியளையும் அறிவிப்பையும் கண்டு, 'எயார்போட்டில நிக்கிறான், எயார்போட்டில நிக்கிறான்' எண்டு அங்க எல்லாரும் சத்தம். அம்மான்ர முகத்துக்குக் கிட்டப் போனைக் கொண்டுபோய், 'அம்மா, தம்பி வெளிக்கிட்டிட்டான்' எண்டு அக்கா சொன்னா. நான் என்ன சொல்லுறது, நீங்களே சொல்லுங்கோ. 'வந்துகொண்டிருக்கிறன்' எண்டன்.

வந்த பஸ்ஸிலயே திரும்பி வந்தன்.

அடுத்தநாள் சிங்கப்பூரில பிளேன் மாறவேணும் எண்டு சொன்னன். அங்க பிந்திப்போட்டுது எண்டன். நான் நினைச்சன், எப்பிடியும் ஒரு கட்டத்தில சலிச்சு, 'சரி, அவனுக்குப் பிந்துது, நாங்கள் எடுப்பம்' எண்டு அவையளாச் சொல்லுவினம் எண்டு. நீங்கள் எங்கட சனத்தை அறியமாட்டியள். நான் பிந்தப் பிந்த அவைக்குப் பாசம் கூடுது. 'பாவம், என்ன பாடுபடுறானோ, ஆறுதலா வா, அம்மாவை வைச்சிருக்கிறம்' எண்டினம். ஐயோ, அந்த 'வைச்சிருக்கிறம்'!

இப்பதான் மகளின்ர கதைக்கு வாறன். சிங்கப்பூர் எண்டு சொல்லிக்கொண்டு என்ர அறையில இருந்து வீடியோவில கதைக்கிறன். அந்தப் பக்கம் அக்கா, அத்தான், மாஸ்டர், எல்லாரும். அப்ப வட்ஸ்அப்பில 'டிங்' எண்டுது. ஆரணி எழுதியிருக்கிறாள், தனிய எனக்கு. 'அப்பா, பின்னுக்குக் கலண்டர் தெரியுது. மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ.'

மெல்பேணில எங்கட தமிழ்க் கடைக்காரன் தந்த கலண்டர் தம்பி. கடைப் பேரும் போன் நம்பரும் பிள்ளையார் படமும் போட்டது. சிங்கப்பூர் எயார்போட்டில தொங்குது.

நான் திரும்பித்தான் நிண்டன். ஆனா சொல்லுங்கோ, ஒரு பிள்ளை தகப்பனுக்கு அப்பிடி எழுதலாமோ? அப்ப எவ்வளவு நாளா இவளுக்குத் தெரியும்? மற்றவைக்கு முன்னால ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டுகொண்டு, மேசைக்குக் கீழ போனில தகப்பனுக்குப் புத்தி சொல்லுறாள். பேந்து இன்னொண்டும் எழுதினாள், 'சாப்பிட்டீங்களோ?' எண்டு. நான் பதில் போடேல்லை. அவமானமாப் போட்டுது.

அதுக்கு அடுத்தநாள்தான் எல்லாம் வெளிய வந்தது. பிரேதத்துக்கு மருந்தடிச்ச மலர்ச்சாலைக்காரர் வந்து பாத்திட்டு, வெக்கை, இனி வைச்சிருக்க ஏலாது எண்டிட்டார். ஐயர் நாள் பாத்து இண்டைக்கு விட்டா இடையில சரியில்லை எண்டார். அக்கா மாட்டன் எண்டு நிக்கிறா. 'அவன் வருவான், அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறன்' எண்டு பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. நானும் வீடியோவிலதான் நிக்கிறன், ஆனா போனை ஆரோ மேசையில மல்லாக்க வைச்சிட்டினம். எனக்குத் தெரியிறது மேல சுத்துற ஃபான் மட்டும்தான். சத்தம் எல்லாம் கேக்குது.

அப்ப மகளின்ர குரல். சத்தம் போடேல்லை, அக்காவுக்குச் சாதாரணமாச் சொன்னாள். 'மாமி, அப்பாவால வர ஏலாது. அவருக்குச் சிட்டிசன் இல்லை. தற்காலிக விசாதான் எப்பவும். வந்தா அவரால திரும்பிப் போக ஏலாது. அந்தப் படத்தில இருக்கிற கொடியும் கோட்டும் வசந்தன் மாமாவின்ர. அப்பம்மாவை இனி வைச்சிருக்க வேண்டாம். நான் கொள்ளி வைக்கிறன்.'

ஃபான் சுத்துது.

அத்தான்தான் கேட்டார், 'உனக்கு ஆர் பிள்ளை சொன்னது?' எண்டு. 'ஒருத்தரும் சொல்லேல்லை. படம் வந்த அண்டைக்கே தெரியும், வசந்தன் மாமாவும் அதே மண்டபத்தில நிண்ட படம் பேஸ்புக்கில போட்டவர். சிட்டிசன் கிடைச்ச ஆள் உப்பிடி முழிச்சுக்கொண்டு நிக்கமாட்டார்' எண்டாள். தகப்பன் முழிச்சுக்கொண்டு நிண்டாராம்! மாஸ்டருக்கு முன்னால, ஐயருக்கு முன்னால, செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு முன்னால. என்ர மானம் கப்பல் ஏறிட்டுது தம்பி. நான் போனுக்குள்ள கத்தினன், 'பொய், பொய், நான் வாறன்' எண்டு. மேசையில கிடக்கிற போனை ஆர் பாக்கிறது?

எங்கட பக்கம் பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. வாசல் படலையோட சரி. படலைக்கு வெளியால பிரேதம் போகேக்க விழுந்து குழறிப்போட்டு வீட்டுக்குள்ள வந்து முழுகவேண்டியதுதான். அப்பிடி இருக்க, இவள் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஐயர் முதல்ல மாட்டன் எண்டவர்தானாம். இவள் என்னத்தைச் சொன்னாளோ, ஓமெண்டிட்டார்.

லைவ் போட்டவை. இப்ப எல்லாச் செத்தவீட்டுக்கும் லைவ்தானே. நான் வேலையில, காளான் கொட்டிலுக்குள்ள, தட்டுக்குப் பின்னால இருந்து போனைப் பாத்துக்கொண்டு இருந்தன். லீவு கேட்டா ஏன் எண்டு சொல்லவேணும், அதுதான் கேக்கேல்லை. தலையில லைற்றையும் நிப்பாட்டிப்போட்டன். கீழ இருந்து பூவும் கும்பிடுற கையும் மேல மேல போகுது. கனடாவில இருந்து ஒருத்தி எழுதுறா, 'மகன் அவுஸ்திரேலியாவில இருந்து வந்திட்டாரோ?' எண்டு. நான் எழுதினன், 'பிள்ளையை மறியுங்கோ' எண்டு. அது எல்லா அனுதாபத்துக்குள்ளயும் கலந்து மேல போட்டுது. ஆரோ அதுக்கும் ஒரு கும்பிடு போட்டினம்.

முடிக்கேக்கையாவது முறையாச் செய்தாளோ? கொள்ளியை முதுகுப் பக்கமா வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் போகவேணும். அதுதான் முறை. இவள் வைச்சிட்டு, ரெண்டு அடி நடந்து, நிண்டு, திரும்பினாள். அம்மாவைப் பாக்கேல்லை. வீடியோக்காரனைப் பாத்தாள். நேரா. எனக்கு அவளின்ர எட்டு வயசு முகம்தான் ஞாபகம், போனில எப்பவும் பாதி முகம், பாதி வெளிச்சம். அண்டைக்கு முழுசாத் தெரிஞ்சுது. புகைக்குள்ள நிண்டு பாத்தாள். நான் போனைக் கவிட்டு வைச்சிட்டன்.

சம்பந்தம் குழம்பிப்போட்டுது. சொல்லத் தேவையில்லை. மாஸ்டர் எழும்பிப் போனவராம். நான் கட்டின எல்லாத்தையும் ஒரு நாளில உடைச்சுப்போட்டாள். மனிசி எடுத்து, 'அவள் இப்பதான் ஒழுங்காச் சாப்பிடுறாள்' எண்டு சொல்லுறா. மேல படிக்கவும் விண்ணப்பம் போட்டிட்டாளாம். என்னைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கேல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைக்காத மகன் எண்டு என்ர பேர் ஊரில நிக்கப்போகுது. நான் வரமாட்டன் எண்டு சொன்னனானோ? ஒரு நாளும் சொல்லேல்லை. கடைசிவரைக்கும் வாறன் எண்டுதான் சொன்னனான்.

என்ன தம்பி, யன்னலால பாக்கிறியள்? நியாயம் சொல்லுங்கோ எண்டெல்லே கேட்டனான்.

'அவங்க உங்களைக் காப்பாத்தியிருக்காங்க'வோ? நீங்களும் அந்தப் பக்கம்தான். சரி. எல்லாரும் என்னைக் காப்பாத்துற ஆக்கள்தான். இந்த நாடு மூண்டு மூண்டு வருசமாக் காப்பாத்துது. அவள் ஒரேயடியாக் காப்பாத்திப்போட்டாள்.

திரும்ப அடிக்குது. பாருங்கோ, விடமாட்டாள். பஸ்ஸில ஏறினதில இருந்து உதுதான்.

ஒரு உதவி செய்யிறியளோ? நீங்கள் ஒருக்கா எடுங்கோ. அப்பா நித்திரை எண்டு சொல்லுங்கோ. பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவர் எண்டு சொல்லுங்கோ, பிழையில்லை, உண்மைதானே. இந்தாங்கோ.

என்னவாம்?

நித்திரை இல்லை எண்டு தெரியுமாமோ? பாத்தியளோ, முன்னப்பின்ன தெரியாத ஆளோட கதைக்கிற கதையை.

எங்க நிக்கிறாளாம்? கீரிமலையிலயோ? தண்ணிக்குள்ளயோ? ஓமோம், அங்க இப்ப காலமைதானே.

என்ன, விளங்கேல்லை, வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ. அஸ்தி போட்ட மண்முட்டி கையில. சரி. கரைக்க முதல் அம்மான்ர பேரை நான் சொல்லவேணுமாமோ? என்ர குரலிலயோ? ஐயர் ஓமெண்டிட்டாரோ? போனை முட்டிக்குக் கிட்டப் பிடிக்கிறாளாமோ?

நான் சொன்னாப் பிறகுதான் கரைப்பாளாம். அதுவரைக்கும் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினமாம். எல்லாரும் எண்டா ஆர் தம்பி? அக்காவுமோ? கேளுங்கோ, அக்காவும் நிக்கிறாவோ எண்டு.

நிக்கிறாவோ.

ஒரு பேர்தானே, சொல்லிவிடலாம்தானே எண்டு பாக்கிறியள். தெரியுது. அம்மான்ர பேர் எனக்கு மறக்கேல்லை. தாங்கோ போனை. இல்லை, வேண்டாம், நீங்களே பிடியுங்கோ. என்ர குரல் இப்ப சரியில்லை. பஸ்ஸுக்குள்ள வேற, சனம் பாக்குது. பேந்து, அக்காவுக்குக் கேக்கும். அவவுக்கு நான் என்னெண்டு...

உதுக்குள்ள கேக்கிறது கடல் சத்தமோ?

அவள் குளிர் தண்ணிக்குள்ள நிக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாதே தம்பி. அப்பிடிப் பாக்காதேங்கோ. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. கரைக்க வேண்டாம், வைச்சிருக்கச் சொல்லுங்கோ. அப்பா வந்துகொண்டிருக்கிறார் எண்டு சொல்லுங்கோ.